இடைவேளைக்குத் திறந்த கதவு

எங்கள் மலையில் ஒண்டிக்கடை பஜாரிலிருந்த தியேட்டரின் வரலாற்றை இப்போது சுவரில் மாட்டியிருக்கிறார்கள். தேக்குச் சட்டம், மேலே மஞ்சள் விளக்கு. மேகங்களுக்கு நடுவே ஒரு வெள்ளித்திரை என்று ஆரம்பிக்கிறது. எஸ்டேட் துரைமார் சாயங்காலங்களில் தத்தம் சீமாட்டிகளோடு வந்து படம் பார்ப்பார்களாம். நடுநடுவே பியானோ வாசிப்பார்களாம். படித்து முடித்ததும் அந்த இடத்திலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்காகத்தான் விட்டேன்.

அந்தத் தியேட்டருக்கு எதிர்க்கடையில்தான் என் ஆயுசு கழிந்தது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவர் காலத்தில் அது எஸ்டேட் ஆட்களுக்குக் கம்பளியும் பீடியும் ரொட்டியும் விற்ற கடை. இப்போது நான் டூரிஸ்ட்டுகளுக்கு மிளகும் காப்பித்தூளும் தைலமும் விற்கிறேன். எனக்குத் தெரிந்து அங்கே துரையும் வந்ததில்லை, பியானோவும் வந்ததில்லை. வந்ததெல்லாம் மூட்டைப்பூச்சியும் மூத்திர நாற்றமும். அந்த நாற்றத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்கள் இப்போதே பிடித்துக்கொள்ளலாம்.

முதலில் சேலத்துக்காரர் ஒருவர் இங்கே டென்ட் கொட்டகை போட்டாராம். மலைக்காற்று ஒரே மழைக்காலத்தில் அதைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டது. பிறகு அவர் பஜாரில் சும்மா கிடந்த காப்பிக் குடோன் ஒன்றைக் குத்தகைக்குப் பிடித்தார். தகரக் கூரை. உள்ளே பெஞ்சுகளைப் போட்டு, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்குச் சுவர் வைத்து, தியேட்டர் என்று சொல்லிக்கொண்டார். மழை பெய்தால் வசனம் கேட்காது. பனி இறங்கினால் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து திரையை மறைத்துக்கொண்டு நிற்கும். டிக்கெட் வாங்கியவர்கள் பனியைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். காப்பிக்கொட்டை புளித்த வாடை அந்தக் குடோனைவிட்டுக் கடைசிவரை போகவில்லை.

இது மாதிரிக் குறைகள் எல்லா ஊர்த் தியேட்டருக்கும் உண்டு. எங்கள் தியேட்டரின் கதை அதன் பக்கவாட்டில் இருந்தது. குடோனை ஒட்டி ஒரு சந்து. பஜாரில் கூடை வைத்துப் பழம் விற்கிற மலைப் பெண்கள், ஒதுங்குவதற்கு அந்தச் சந்து வழியாகத்தான் பின்னாலிருந்த புதருக்குப் போவார்கள். கிளியூரிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் விடியும்போது கொய்யாவும் கமலா ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும் சுமந்து வருகிறவர்கள், பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. முதலாளி, டிக்கெட் இல்லாமல் எவனாவது பின்பக்கமாக நுழைந்துவிடுவான் என்று பயந்து அந்தச் சந்தின் வாயை அடைத்துச் சுவர் எழுப்பிவிட்டார். முதல் படம் போட்ட அன்றைக்குப் பெண்கள் அத்தனை பேரும் கூடைகளோடு தியேட்டர் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அத்தாதான் நடுவில் நின்று பேசியவர். அவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

"செவுத்தை இடிக்கச் சொல்லாதீங்க பாய்," என்றாராம் முதலாளி. "உள்ளாற பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் கட்டியிருக்கறேன். அதுக்கு வேணா வந்துட்டுப் போகட்டும், காசு வேண்டாம். ஆனாப் படம் ஓடறப்பக் கதவைத் தொறந்தா வெளிச்சம் அடிச்சுப் படம் கெட்டுப்போயிருமுங்க. இடைவேளை விடறப்ப வரட்டும்."

அப்படி உண்டானது அந்த வழக்கம். ஆட்டத்துக்கு ஆட்டம் இடைவேளை மணி அடித்ததும் பெண்கள் பக்கக் கதவு பஜாருக்குத் திறக்கும். பாதிப் பேர் உள்ளே போவார்கள். மீதிப் பேர் குரங்கு வராமல் கம்பும் கையுமாக எல்லார் கூடைக்கும் காவல் நிற்பார்கள். போனவர்கள் வந்ததும் நின்றவர்கள் ஓடுவார்கள். மறுமணி அடித்துக் கதவைச் சாத்துவதற்குள் எல்லாரும் முடித்தாக வேண்டும். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்று பழமொழி சொன்னவன் கட்டாயம் ஆண்பிள்ளையாகத்தான் இருப்பான். எங்கள் பஜார்ப் பெண்கள் மணி அடிக்கும்வரை அடக்கினார்கள், வருஷக்கணக்காக அடக்கினார்கள்.

அதனால் படத்தின் தராதரத்தை எங்கள் பஜார் வேறு விதமாக முடிவுசெய்தது. "ஏனுங்க, இந்த வாரப் படம் எப்படிங்க?" என்று ஒருத்தி கேட்டால், "நொம்ப நல்ல படமுங்க, சுருக்கா மணி அடிச்சுடறான்" என்பாள் இன்னொருத்தி. இடைவேளை தள்ளிப்போகிற படம் எப்பேர்ப்பட்ட கதாநாயகன் நடித்ததாக இருந்தாலும் உருப்படாத படம். அது கூட்டம் சேர்ந்து வாரக்கணக்கில் ஓடிவிட்டால் அவனுக்கு விழுந்த சாபத்தைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையே திரண்டு வரும்போது மட்டும் காலையிலிருந்து ஆட்டத்துக்குமேல் ஆட்டம் நடக்கும், மணிக்கும் பஞ்சமிருக்காது. பழக்காரப் பெண்கள் மோர் வாங்கி வயிறு நிறையக் குடிப்பதை அந்த நாட்களில்தான் பார்க்கலாம்.

எங்கள் கடையிலும் கக்கூஸ் கிடையாது. வீடு மேட்டுக்கு மேலே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்தால் எனக்கும் அந்த மணிதான் கதி. ஆனால் எங்கள் வீட்டில் சினிமா ஆகாது. அத்தா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். "போய்ட்டு வா கண்ணு. தலையைக் குனிஞ்சுட்டே போ, தலையைக் குனிஞ்சுட்டே வா. திரைப் பக்கம் பார்வை போகக்கூடாது."

நான் சொன்ன பேச்சுக் கேட்கிற பெண். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தே போவேன். ஆகவே அந்தத் தியேட்டர் எனக்குத் தரையாகத்தான் பழக்கம். வெற்றிலை எச்சில், பீடித்துண்டு, வேர்க்கடலைத் தோல், எங்கள் பெண்களிடமே வாங்கித் தின்று எறிந்த கமலாத் தோல், குழந்தை கக்கிய பால். பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தால் கடைசியில் கக்கூஸ் வரும். இரண்டு மறைப்பு, கதவுக்குப் பதில் சாக்கு. ஒரு டிரம்மில் பாசி படிந்த தண்ணீர். தகர டப்பாவை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடாதபடி சங்கிலியில் கட்டியிருப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோகிற அளவுக்கு யாருக்கு ஆசை வரும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மழைக்காலத்தில் சுவரெல்லாம் மரவட்டை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், மூச்சு முடிவதற்குள் வெளியே வந்துவிடுவேன். இப்போது நினைத்தாலும் வாயில் எச்சில் ஊறிக் குமட்டுகிறது. அப்படியும் அந்த மணிச் சத்தத்துக்கு நாங்கள் காத்துக்கிடந்தோம்.

எங்கள் கடைக்கு முன்னால் கூடை வைப்பவள் கிளியூர் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். கல்யாணம் ஆகி வந்த கையோடு மாமியாரின் கூடை அவள் தலைக்கு வந்துவிட்டது. அவளுக்குத் தலை குனிகிற கட்டுப்பாடெல்லாம் கிடையாது. மணி அடிப்பதற்குச் சற்று முன்பே போய்க் கதவோரம் நின்று, இடுக்கு வழியாக இடைவேளைக்கு முந்தின காட்சியை ஒரு கண் பார்த்துவிடுவாள். இடைவேளை விடுகிற இடத்தில் எந்தப் படத்திலும் கதாநாயகன் நன்றாக இருப்பதில்லை. மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பார்கள், இல்லை விலங்கு மாட்டியிருப்பார்கள், இல்லை அவன் அம்மாவைக் கொன்றிருப்பார்கள். அக்கா அப்படி நூற்றுக்கணக்கில் பார்த்தாள். சினிமா என்றால் நல்லவன் நாசமாய்ப் போவது என்று அவள் மனதில் பதிந்துவிட்டது.

ஒருமுறை படம் முடிந்து வந்த, எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் எங்கள் கடையில் பீடி வாங்கினார். அக்கா அவரிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பையனை வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சுங்களே. பொணம் கெடைச்சுதுங்களா?"

"பொணமா? அவன் பொழச்சு வந்து, அத்தனை பேரையும் அடிச்சுப் போட்டு, கண்ணாலமும் பண்ணிக்கிட்டானே!"

அக்கா அவர் போகும்வரை பொறுத்திருந்து என்னிடம் சொன்னாள்: "பொய் சொல்றாருங்க. வெள்ளம் அடிச்சுட்டுப் போனவன் எங்கயாச்சும் பொழச்சு வந்திருக்கறானா? நாம பாக்கலைன்னு என்ன வேணா சொல்றதா?"

முதலாளி காலமாகி அவர் மகன் வந்தான். அதற்குள் வீட்டுக்கு வீடு டிவி வந்திருந்தது. புதுப்படம் வேண்டுமென்றால் பஸ் ஏறிச் சேலத்துக்கு இறங்கிவிடுவார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகத் தியேட்டர் தேய்ந்தது. மகன் அதைத் தூக்கி நிறுத்த ஒரு வழி கண்டான். வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று போட்டு, என் கடைக்கு நேர் எதிரே ஒட்டினான் பாருங்கள் போஸ்டர், அதை வர்ணித்து என் பேனாவை அழுக்காக்கிக்கொள்ள மாட்டேன். அத்தா கடைவாசல் முழுக்கக் கம்பளிகளைத் தொங்கவிட்டு எதிர்ப்பக்கத்தையே மறைத்தார். வெயில் காலத்தில் கம்பளிக்கு நடுவே வெந்துகொண்டு வியாபாரம் பார்த்தோம்.

பெண்கள் போவது நின்றுவிட்டது. மணி அடிக்கும், கதவு திறக்கும், ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள். முகம் கறுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பழத்தைத் துடைப்பார்கள். சில நாள் அப்படிப் போனது. ஒரு மத்தியானம் மணி அடித்ததும் கிளியூர் அக்கா கூடைத்துணியை உதறித் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"பாக்கறவனுங்க வெக்கப்படோணும். நாம எதுக்குங்க வெக்கப்படோணும்? எந்திரிங்க, போலாம்."

பஜார்ப் பெண்கள் அத்தனை பேரும் அவள் பின்னால் போனார்கள். காவலுக்குக்கூட யாரும் நிற்கவில்லை. அத்தாவே கம்பை எடுத்துக்கொண்டு கூடைகளுக்கு நடுவில் நின்றார். நானும் போனேன். அன்றைக்கு முதல்முறையாகத் தலை நிமிர்ந்து நடந்தேன். விளக்கு எரிகிறது. உள்ளே எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களைப் பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்கள், துடைத்துக்கொண்டே இருந்தார்கள். சிலருக்கு ஒரே நேரத்தில் செருப்பு காணாமல் போய், குனிந்து தேடினார்கள். எங்கள் கடைக்குச் சரக்கு கொண்டுவருகிற ஆள் தூங்குகிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டார். ஒருவர் பெஞ்சுக்கு அடியிலேயே புகுந்துவிட்டார். அந்த எச்சில் தரையில், முழுசாக. அக்கா நின்று, குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க கொழுந்தனாரே, காப்பிச்செடி கவாத்து வெட்டப் போறேன்னு கத்தி எடுத்துட்டு வந்தீங்களே. இங்கதான் கவாத்துங்களா?"

நாங்கள் சிரித்த சிரிப்பில் தகரக் கூரை அதிர்ந்தது. அதன் பிறகு ஆண்கள் திரையைவிட்டுக் கதவையே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். மணி அடித்தால் வீட்டுப் பெண்டாட்டியோ அண்ணியோ வந்து நிற்பாள் என்று பயந்துகொண்டு எவன் அந்தப் படத்தை நிம்மதியாகப் பார்ப்பான்? கூட்டம் விழுந்தது. மகன் பெண்கள் பக்கக் கதவைப் பூட்டிப் பார்த்தான், பெண்கள் உடைத்துவிடுகிற மாதிரி தட்டினார்கள். கடைசியில் தியேட்டரையே பூட்டிவிட்டான். "இந்தப் பொம்பளைங்க மூத்திரம் பேஞ்சே என் தேட்டரை மூடிட்டாளுங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். சுவரில் மாட்டுவதற்குத் தகுதியான வாக்கியம் அது ஒன்றுதான்.

ஆனால் அது எங்கள் வெற்றி என்று கொண்டாட முடியவில்லை. கக்கூஸும் சேர்ந்து பூட்டிக்கொண்டது. பின்னாலிருந்த புதரெல்லாம் காட்டேஜ்களாகிவிட்டன, மூலைக்கு மூலை கேமரா. மிச்சமிருக்கிற காட்டுக்குப் போனால் காட்டெருமை நிற்கிறது. பஜாருக்கென்று கட்டிய கழிப்பிடத்தில் தண்ணீர் வருகிற நாள் குறைவு, பூட்டுத் தொங்குகிற நாள் அதிகம். பழக்காரப் பெண்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். காலையில் வீட்டில் ஒரு வாய், சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒரு செம்பு.

கிளியூர் அக்கா போன கோடையில் கூடைக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தாள். குளிர்க் காய்ச்சல், இடுப்பில் வலி, கால் வீக்கம். நான்தான் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வருஷக்கணக்காகத் தண்ணீர் குடிக்காமலும் அடக்கியும் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். இனிமேலாவது நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும், மறுபடி இப்படி வந்தால் காப்பாற்றுவது கஷ்டம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள். மறுவாரம் கூடையோடு வந்து உட்கார்ந்தாள், தண்ணீரைத் தொடவில்லை. என் வீட்டுக்கு வாங்கக்கா என்று ஒரு நாள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். மேட்டுப் படிக்கட்டில் பாதிக்குமேல் முழங்கால் வலியில் அவளால் ஏற முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் வெளியூர்க்காரர் ஒருவர் தியேட்டரை வாங்கிக் காப்பி ஹோட்டலாக மாற்ற ஆரம்பித்தார். மேனேஜராக ஒரு தாடிவைத்த பையன். நல்ல தேன் குரல். பழைய கடைக்காரி என்று என்னைத் தேடி வந்து, சுவரில் மாட்டப்போகிற வரலாற்றுக்காக என்று செல்போனில் பதிவு போட்டு முன்னால் வைத்தான்.

"ஆன்ட்டி, தியேட்டர்ல நீங்க பார்த்த முதல் படம் எது?"

"நான் அங்கே படமே பார்த்ததில்லை தம்பி. கக்கூஸுக்குத்தான் போவேன்."

அவன் சிரித்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அடைத்த சந்து, அத்தா பேசி வாங்கிய உரிமை, மணி, அக்கா கிடந்த கிடை. பிறகு கேட்டேன். "அந்த வழக்கத்தை நீங்களும் வையுங்க. பகலில் ஒரு வேளையாவது இந்தப் பெண்களை உள்ளே விடுங்க."

"கண்டிப்பா பார்க்கலாம் ஆன்ட்டி. போர்டுல மட்டும் நெகட்டிவ் எதுவும் வேண்டாம். கொஞ்சம் ஃபீல் குட்டா போயிடலாம்."

ஃபீல் குட்டாகப் போனதுதான் போர்டில் ஏறிய அந்தப் பியானோ. திறப்பு விழாவுக்கு அவனே வந்து, அந்தக் கிளியூர்ப் பாட்டியைக் கூடையோடு வாசலில் உட்காரச் சொல்லுங்கள், பார்க்க நன்றாக இருக்கும் என்று கேட்டான். அக்கா நம்பிவிட்டாள். வெளுத்த சேலை கட்டி, பட்டர் ஃப்ரூட்டை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கி உட்கார்ந்தாள். காரில் வந்தவர்கள் அவளோடு தலையை ஒட்டவைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஒருவரும் பழம் வாங்கவில்லை. பழத்தைக் கையில் தூக்கிச் சிரித்துவிட்டு, திரும்பக் கூடையில் போட்டார்கள். நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சி வெயிலில் அக்கா என்னைப் பார்த்துக் கையசைத்தாள். முகம் கறுத்திருந்தது. நான் ரோட்டைத் தாண்டிப் போய் மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"ரெஸ்ட்ரூம் கெஸ்ட்டுக்கு மட்டும்தான் ஆன்ட்டி. ஒருத்தரை விட்டா எல்லாரும் வருவாங்க."

"எல்லாரும்தான் வந்தாங்க. அதுதான் இந்தத் தியேட்டரோட வரலாறு."

அவன் அதற்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கண்டதும் எனக்கு வந்த அருவருப்பு அந்தப் பழைய சாக்கு மறைப்புக்குள் கூட வந்ததில்லை.

"சரி, ரெண்டு காப்பி கொண்டு வரச் சொல்லு. நாங்களும் கெஸ்ட்டு." கூடையைக் கதவுக்கு உள்ளே இழுத்து வைத்துவிட்டு, அக்காவைத் தூக்கி நிறுத்தி உள்ளே நடத்தினேன். அவன் வழிவிட்டான்.

அக்கா போய் வெகுநேரம் கழித்து வந்தாள். வந்து மெத்தை நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"கண்ணாடி வெச்சிருக்கறாங்க, பூ வெச்சிருக்கறாங்க பாயம்மா. எங்க ஊட்டுச் சாமி ரூமு கூட அத்தனை சுத்தமில்லீங்க."

காப்பி வந்தது. பெரிய கோப்பை, நுரையில் இலை மாதிரி ஒரு சித்திரம். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் கோப்பையை மெதுவாக என் பக்கம் தள்ளினாள்.

"குடிங்கக்கா. டாக்டர் என்ன சொன்னாரு?"

"வேண்டாமுங்க. இதைக் குடிச்சா பஸ்ஸு வரதுக்குள்ள இன்னொருக்கா வருமுங்க. அப்பவும் காப்பி வாங்குவீங்களா? நாளைக்கு?"

சொல்லிவிட்டுக் கூடையை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு குடும்பம் போட்டோவுக்குக் காத்துக்கொண்டிருந்தது. என் முன்னால் இரண்டு காப்பியும் ஆறிக்கொண்டிருந்தன. எனக்கு அந்த நுரையைப் பார்க்கவே குமட்டியது.